எல்எச்ஏபிடிஎஃப் 6: ஸ்பின் கணக்குப் போடுகிறவரின் பார்வையில்

புரோட்டானுக்குள் இருக்கும் துகள்களின் பங்கீட்டு எண்களைத் தரும் எல்எச்ஏபிடிஎஃப் என்ற இலவச மென்பொருள் லைப்ரரியைத் துகள் இயற்பியலில் கணக்குப் போடும் எல்லோரும் ஒரு முறையாவது தொட்டிருப்பார்கள். ஆனால் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சாதாரண மோதல்களை மனதில் வைத்துத்தான் பேசுகிறார்கள். என் வேலை கொஞ்சம் வேறு. புரோட்டான்களின் ஸ்பின்னை, அதாவது அவற்றின் உள்ளார்ந்த சுழற்சியை, ஒரு திசையில் ஒழுங்குபடுத்தி மோதவிட்டால் என்ன துகள் எவ்வளவு பிறக்கும், ஸ்பின்னைத் திருப்பிப்போட்டால் அந்த எண்ணிக்கை எவ்வளவு மாறும் என்று கணக்கிடுகிறேன். இந்த வேலைக்கு இந்த லைப்ரரி எப்படி என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இது எங்கே உட்காருகிறது என்று சொல்லிவிடுகிறேன். கணக்கு இரண்டு பாதியாக வரும். ஒரு பாதி, புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்கும் குளுவானும் ஒன்றோடொன்று மோதிச் சிதறும் பகுதி. அதைத் தாளில் போட்டுவிடலாம். இரண்டு குளுவான்கள் மோதி 90 டிகிரியில் சிதறினால், ஹெலிசிட்டி (ஸ்பின் ஓடும் திசையோடு ஒத்திருக்கிறதா, எதிராக இருக்கிறதா என்பது) ஒரே குறியாக இருக்கும்போது கிடைப்பதிலிருந்து எதிர்க்குறியாக இருக்கும்போது கிடைப்பதைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 7/9 வரும். இப்படி வகுத்து வரும் எண்ணைத்தான் சமச்சீரின்மை என்கிறோம். குவார்க்கும் குளுவானும் மோதினால் அதே கோணத்தில் 3/5. ஸ்பின்னைப் பார்க்கும் சக்தி இந்தச் சிதறல்களுக்கு அவ்வளவு அதிகம். இன்னும் துல்லியம் சேர்க்கும் அடுத்த படித் திருத்தங்களையும் ஜெட்களுக்கும் (ஒரே திசையில் பாயும் துகள் கூட்டங்கள்) பையான்களுக்கும் (லேசான ஒரு வகைத் துகள்) 2003, 2004 வாக்கிலேயே கணக்கிட்டு வைத்துவிட்டார்கள்.

இன்னொரு பாதிதான் சிக்கல். புரோட்டானின் உந்தத்தில் எக்ஸ் என்ற பங்கைச் சுமந்துகொண்டு ஓடும் குளுவான்கள் எத்தனை, அவற்றில் புரோட்டானின் ஸ்பின்னோடு ஒத்துப்போகிறவை எத்தனை, எதிர்த்திசையில் இருப்பவை எத்தனை? இதைத் தாளில் கணக்கிட முடியாது. சோதனைத் தரவுகளிலிருந்துதான் பிரித்தெடுக்க வேண்டும். கூட்டுத்தொகையைச் சாதாரணப் பங்கீடு என்கிறோம், வித்தியாசத்தை முனைவுற்ற பங்கீடு என்கிறோம். குளுவானுக்கு அந்த வித்தியாசத்தின் பெயர் டெல்டா ஜி. தரவிலிருந்து இவற்றை எடுத்துக் கொடுப்பவை என்என்பிடிஎஃப், டிஎஸ்எஸ்வி, ஜாம் போன்ற ஆய்வுக்குழுக்கள். இப்படி வெளியாகும் தொகுப்புகளை நம் நிரலுக்குள் கொண்டுவந்து, கேட்ட எக்ஸுக்கும் கேட்ட ஆற்றலுக்கும் உரிய எண்ணைத் தருவது எல்எச்ஏபிடிஎஃப்.

இது வருவதற்கு முன் ஒவ்வொரு குழுவும் தனக்கென்று ஒரு ஃபோர்ட்ரான் நிரல் வைத்திருந்தது. ஒன்று டெல்டா ஜியைத் தரும், இன்னொன்று எக்ஸால் பெருக்கித் தரும். ஒன்றில் கடல் குவார்க்குகள் (குளுவானிலிருந்து ஜோடியாகத் தோன்றி மறைபவை) தனித்தனி, இன்னொன்றில் சேர்த்து. ஒரு தொகுப்பை மாற்றி இன்னொன்றைப் போட்டுப் பார்க்க ஒரு நாள் போய்விடும். 2001ல் பிரான்சின் மலையூரான லெ ஊஷில் நடந்த பட்டறையில் எல்லோருக்கும் பொதுவான ஒரு ஏற்பாடு வேண்டும் என்று முடிவானது. லைப்ரரியின் பெயரில் இருக்கும் முதல் இரண்டு எழுத்துகள் அந்த ஊரின் பெயர்தான். 5 வரையிலான பதிப்புகள் ஃபோர்ட்ரானில் இருந்தன, நினைவகத்தை வாரி விழுங்கின. 6 என்பது சி பிளஸ் பிளஸில் முழுக்கப் புதிதாக எழுதப்பட்டது. பைதானிலிருந்தும் கூப்பிடலாம். அதன் விளக்கக் கட்டுரை 2014 டிசம்பரில் வந்தது.

எனக்கு இதில் பிடித்தது எது என்று கேட்டால், கோப்புகள் என்பேன். ஒரு தொகுப்பை இறக்கினால் ஒரு கோப்புறை வரும். அதில் ஒரு தகவல் கோப்பு, மீதி எல்லாம் எண் கோப்புகள். எல்லாமே வெறும் எழுத்து. எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம். மேலே எக்ஸ் புள்ளிகள் ஒரு வரி, ஆற்றல் புள்ளிகள் ஒரு வரி, எந்தெந்தத் துகள் என்று ஒரு வரி, அப்புறம் எண்கள். குளுவானுக்கு 21, அப் குவார்க்குக்கு 2, டவுனுக்கு 1, எதிர்க்குவார்க்குகளுக்கு அதே எண் கழித்தல் குறியோடு. டெல்டா டவுன், அதாவது டவுன் குவார்க்குக்கான அதே வித்தியாசம், கழித்தல் குறியோடு இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் நிரலே எழுத வேண்டாம், கோப்பைத் திறந்து விரலை வைத்துப் பார்த்துவிடலாம். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஸ்பின் கணக்கில் பாதிப் பிழை குறியில்தான் வரும், அதனால் எனக்கு இது பெரிய விஷயம்.

குறியால் நான் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கணக்குக்குப் புதிதாக வருகிறவர்கள் அதே இடத்தில் விழ வாய்ப்பு அதிகம்.

லைப்ரரியில் ஃபோர்ஸ்பாசிட்டிவ் என்று ஒரு அமைப்பு உண்டு. 0 வைத்தால் எண்ணை உள்ளபடி தரும். 1 வைத்தால் கழித்தல் எண்களைப் பூஜ்ஜியமாக்கிவிடும். 2 வைத்தால் பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலே, ஒரு மிகச் சிறிய கூட்டல் எண்ணுக்குத் தூக்கிவிடும். சாதாரணப் பங்கீடுகளுக்கு இது உபயோகமானது. எக்ஸ் 1ஐ நெருங்கும் இடத்தில் சில ரெப்ளிகாக்கள் (தரவின் பிழையைக் காட்ட ஒரே தொகுப்பில் வைக்கும் மாற்றுப் பிரதிகள்) கழித்தல் பக்கம் இறங்கும், அங்கே நிகழ்வுகளை உருவாக்கும் நிரல்கள் திணறும். நான் அப்படி ஒரு வேலைக்காக, எந்தத் தொகுப்பை ஏற்றினாலும் இந்த அமைப்பை 1 ஆக்கும் ஒரு பொது ஃபங்ஷனை எழுதி வைத்திருந்தேன். பிறகு ஸ்பின் கணக்குக்குத் திரும்பியபோது அதே ஃபங்ஷன் கூடவே வந்தது.

முனைவுற்ற பங்கீடு என்பது ஒரு வித்தியாசம். கழித்தல் எண்ணாக இருக்க அதற்கு முழு உரிமை உண்டு. நான் அப்போது போட்டுக்கொண்டிருந்தது 510 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் மோதலில், இரண்டு ஜெட்டும் முன்னோக்கிப் போகும் நிகழ்வுகள். இதில் ஒரு பக்கத்திலிருந்து பெரிய எக்ஸ் குவார்க், மறுபக்கத்திலிருந்து மிகச் சிறிய எக்ஸ் குளுவான். சிறிய எக்ஸில் டெல்டா ஜியின் குறியே நமக்குத் தெரியாது. ரெப்ளிகாக்களில் ஒரு பகுதி மேலே போகும், ஒரு பகுதி கீழே போகும். ஆகவே கணித்த சமச்சீரின்மையின் பட்டை, அதாவது அதன் பிழை வரம்பு, பூஜ்ஜியத்துக்கு இரண்டு பக்கமும் பரவியிருக்க வேண்டும். எனக்கு வந்த பட்டை பூஜ்ஜியத்துக்கு மேலே மட்டும் இருந்தது. கீழ்விளிம்பு கத்தியால் வெட்டியது போல நேராக இருந்தது. டெல்டா ஜி கூட்டல் என்பதற்கு இதுவே அடையாளம் என்று நினைத்து இரண்டு நாள் மகிழ்ச்சியாக இருந்தேன்.

மூன்றாம் நாள், வேறு ஏதோ காரணத்துக்காக டெல்டா டவுனை டவுனால் வகுத்து வரைந்தேன். அது கழித்தல் எண் என்பதில் சந்தேகமே கிடையாது. அளந்த இடம் வரை எல்லாச் சோதனையும் அப்படித்தான் சொல்கிறது. என் படத்தில் அது எக்ஸ் அச்சின் மேலேயே படுத்துக்கிடந்தது. எந்த எக்ஸிலும் துல்லியமாகப் பூஜ்ஜியம். அப்போதுதான் விளங்கியது.

லைப்ரரியைக் குறை சொல்ல மாட்டேன், அது நான் சொன்னதைத்தான் செய்தது. ஆனால் பயன்படுத்துகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் ஏற்றியிருப்பது சாதாரணத் தொகுப்பா, முனைவுற்றதா என்பது கூப்பிடும் ஃபங்ஷனின் பெயரில் தெரியாது. இரண்டுக்கும் எக்ஸ்எஃப்எக்ஸ்க்யூ2 என்ற ஒரே ஃபங்ஷன்தான். டெல்டா ஜி கேட்டாலும் ஜி கேட்டாலும் 21 என்றுதான் கொடுக்க வேண்டும். எந்தத் தொகுப்பை ஏற்றிக் கேட்டீர்களோ அதன் எண் வரும். ஆகவே நான் இப்போதெல்லாம் மாறிகளுக்கு நீளமான பெயர் வைக்கிறேன், கூட்டல் எண்ணாக்கும் எதையும் ஸ்பின் நிரலுக்குள் விடுவதில்லை. கூட்டல் எண் வேண்டுமென்றால் சோதிக்க வேண்டியது முனைவுற்ற பங்கீட்டை அல்ல. சாதாரணப் பங்கீட்டோடு அதைக் கூட்டியும் கழித்தும் பாருங்கள், அந்த இரண்டும்தான் முதற்படிக் கணக்கில் கூட்டல் எண்ணாக இருக்க வேண்டியவை. அதற்கு இரண்டு தொகுப்பும் பொருத்தமான ஜோடியாக இருக்க வேண்டும். என்என்பிடிஎஃப்பால் 1.1 என்ற முனைவுற்ற தொகுப்பை நான் அதிகம் பயன்படுத்தினேன். அதை உருவாக்கியபோது இந்த வரம்புக்கு என்என்பிடிஎஃப் 2.3ஐத்தான் துணையாக வைத்தார்கள். அதன் பக்கத்தில் வேறு எதையோ கொண்டுவந்து நிறுத்தினால் பெரிய எக்ஸில் வரம்பு மீறுவதைப் பார்க்கலாம், அதற்குத் தொகுப்பு பொறுப்பல்ல.

சரி, இனி இந்த லைப்ரரியை நான் உண்மையாகவே மதிக்கும் காரணத்துக்கு வருகிறேன்.

என்என்பிடிஎஃப் வகைத் தொகுப்பில் 101 கோப்பு இருக்கும். 0 என்ற உறுப்பு சராசரி. 1 முதல் 100 வரை ரெப்ளிகாக்கள். தரவின் பிழைக்குள் அடங்கும் நூறு வெவ்வேறு புரோட்டான்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரக்காரர்கள் 0ஐ மட்டும் ஏற்றிக் கணக்குப் போட்டு, அதுதான் மையமதிப்பு என்று எழுதிவிடுவார்கள். சாதாரண மோதலில் இதனால் பெரிய கெடுதல் இல்லை, ஏனென்றால் அங்கே பங்கீடுகளின் பிழை சில சதவீதம். ஸ்பின் கணக்கில் இது தவறான விடையையே தரும்.

குளுவானும் குளுவானும் மோதும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் டெல்டா ஜி இரண்டு முறை வருகிறது, அதாவது வர்க்கமாக. ஒரு எளிய எண்ணை வைத்துப் பார்ப்போம். ஏதோ ஒரு எக்ஸில் டெல்டா ஜிக்கும் ஜிக்கும் உள்ள விகிதம் சராசரியாக 0.1, ரெப்ளிகாக்களின் பரவல் அதுவும் 0.1. சராசரியை வர்க்கம் செய்தால் 0.01. ஒவ்வொரு ரெப்ளிகாவையும் வர்க்கம் செய்து சராசரி எடுத்தால் 0.02, பரவலின் வர்க்கம் கூடச் சேர்ந்துவிடுகிறது. மேலே சொன்ன 7/9ஆல் பெருக்கினால் ஒன்று சுமார் 0.008, இன்னொன்று 0.016. இரண்டு மடங்கு! இரண்டு பக்கமும் எக்ஸ் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் நடுப்பகுதியில்தான் இது இவ்வளவு கூர்மை. எக்ஸ்கள் விலகிப் போனால் ரெப்ளிகாக்களின் உறவு தளரும், வித்தியாசமும் குறையும்.

ஆர்எச்ஐசியில், அதாவது அமெரிக்காவின் ப்ரூக்ஹேவனில் முனைவுற்ற (ஸ்பின்னை ஒழுங்குபடுத்திய) புரோட்டான்களை மோதவிட்ட உலகின் ஒரே மோதுவானில், ஜெட்களுக்கு அளந்த சமச்சீரின்மை ஆயிரத்தில் சில பங்கிலிருந்து நூற்றில் சில பங்கு வரைதான். கற்றைகளின் முனைவாக்கம் 50 முதல் 60 சதவீதம். இரண்டு கற்றை என்பதால் அதைப் பெருக்கினால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் விளைவு கண்ணில் படும். அந்தச் சின்ன எண்ணுக்காகச் சோதனைக்காரர்கள் வருடக்கணக்காக உழைக்கிறார்கள். அதன் பக்கத்தில் நாம் கொண்டுபோய் வைக்கும் கணிப்பு, எந்தக் கோப்பை ஏற்றினோம் என்பதால் இரண்டு மடங்கு மாறக்கூடாது.

இங்கேதான் எல்எச்ஏபிடிஎஃப் கைகொடுக்கிறது. அன்சர்ட்டன்டி என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. 101 உறுப்புக்கும் சமச்சீரின்மையைத் தனித்தனியே கணக்கிட்டு அந்தப் பட்டியலைக் கொடுத்தால் போதும். தொகுப்பு ரெப்ளிகா வகையா, வேறு வகையா என்பதைத் தகவல் கோப்பிலிருந்து அதுவே படித்துக்கொள்ளும். ரெப்ளிகா என்றால் மையமதிப்பாக 0 உறுப்பின் விடையைத் தராமல், நூறு விடைகளின் சராசரியைத் தரும். இது சரியான வழி. மாற்று என்ற தேர்வைப் போட்டால் நடுவெண்ணையும், கேட்ட நம்பிக்கை அளவுக்கான இடைவெளியையும் தரும். விடைகள் ஒரு பக்கம் சாய்ந்து குவியும்போது, வர்க்கம் வரும் கணக்கில் அப்படித்தான் குவியும், நான் அந்த மாற்றைத்தான் எடுக்கிறேன். இதை யோசித்து வைத்தவர்களுக்கு என் நன்றி.

வர்க்கம் என்றதும் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. டெல்டா ஜி கூட்டலானாலும் கழித்தலானாலும் வர்க்கம் ஒன்றுதான். ஆகவே குளுவான்–குளுவான் பகுதியால் குறியைச் சொல்ல முடியாது. குறியைச் சொல்வது குவார்க்–குளுவான் பகுதி, அதில் டெல்டா ஜி ஒரே முறைதான் வருகிறது. 2009ல் ஆர்எச்ஐசியில் ஸ்டார் சோதனை எடுத்த ஜெட் தரவு வந்த பிறகு, டிஎஸ்எஸ்வி குழு 2014ல் எக்ஸ் 0.05க்கு மேலே டெல்டா ஜியின் கூட்டுத்தொகை சுமார் 0.20 என்று கண்டது. புரோட்டானின் மொத்த ஸ்பின் அரை என்பதை நினைத்தால் அது சின்ன எண் இல்லை. ஆனால் 2022ல் ஜாம் குழு, மேலே சொன்ன கூட்டல் எண் வரம்பை எடுத்துவிட்டுப் பொருத்திப் பார்த்தபோது கழித்தல் டெல்டா ஜியும் அதே ஜெட் தரவுக்குப் பொருந்தியது. என் பழைய நிரல் அப்படி ஒரு ரெப்ளிகாவைக் கண்டிருந்தால் சத்தமில்லாமல் பூஜ்ஜியமாக்கியிருக்கும். அதை நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது.

நூறு ரெப்ளிகா என்றால் நூறு முறை தொகையிட வேண்டும். மோன்டே கார்லோ முறையில் இதைச் செய்யும்போது ஒவ்வொரு ரெப்ளிகாவுக்கும் புதிய சமவாய்ப்புப் புள்ளிகளை எடுக்காதீர்கள். தொகையிடும் இரைச்சலும் பட்டைக்குள் சேர்ந்து பட்டை பொய்யாகத் தடித்துவிடும். முனைவுற்ற பகுதியில் கூட்டலும் கழித்தலும் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்வதால் இரைச்சல் இன்னும் மோசம். ஒரே புள்ளியில் நிரலை நிறுத்தி, 101 உறுப்பையும் அங்கேயே கேட்டு, சமச்சீரின்மை என்ற பின்னத்தின் தொகுதியையும் பகுதியையும் சேர்த்து நிரப்புவது நல்லது. எல்எச்ஏபிடிஎஃப் 6ல் எல்லா உறுப்பையும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் வைத்திருக்க முடியும் என்பதால் இது சுலபம். பழைய பதிப்பில் ஒன்றை இறக்கி இன்னொன்றை ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பைதானில் புள்ளிக்குப் புள்ளி கூப்பிட்டால் மெதுவாகத்தான் ஓடும். பெரிய ஓட்டத்துக்கு சி பிளஸ் பிளஸ்தான். அடிக்கடி அதே கணக்கைத் திரும்பப் போடுகிறவர்கள் பைன்ஆப்பிள் போன்ற வலைத்தொகுப்பு நிரலைச் சேர்த்துக்கொண்டால் தொகையிடுவதை ஒரு முறை செய்து வைத்துவிட்டு, பங்கீடுகளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

குறை என்று பார்த்தால், எண்களைக் குறித்து வைத்திருக்கும் புள்ளிகளின் வலை இருக்கிறதே, அதன் எல்லையைத்தான் சொல்வேன். எண் கோப்பின் எக்ஸ் வலை, தரவு இருக்கும் இடத்தைத் தாண்டிக் கீழே வெகுதூரம் போகிறது. முனைவுற்ற ஆழ்சிதறல் தரவு (எலக்ட்ரான் போன்றவற்றைப் புரோட்டான் மேல் மோதவிட்டு எடுப்பது), வழக்கமான ஆற்றல் வரம்போடு பார்த்தால், எக்ஸ் 0.001க்குக் கீழே கிடையாது. ஆனால் 0.00001 கேட்டாலும் லைப்ரரி முகம் மாறாமல் எண் தரும், வலைக்கும் வெளியே கேட்டாலும் அது வழக்கமாக நீட்டித்துத் தரும். எல்லைக்கு வெளியே போனால் பிழை காட்டு என்று நீட்டிக்கும் முறையை மாற்றி வைக்க வழி உண்டு, புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே அதைச் செய்துவிடுங்கள். ஆனால் தரவின் எல்லைக்கு அப்படி எச்சரிக்கை எதுவும் கிடையாது. அதை நாமேதான் நினைவில் வைத்திருக்க வேண்டும். அப்புறம், வரும் எண் எக்ஸால் பெருக்கியது. வகுக்க மறந்தால் வளைவு அழகாகவே இருக்கும், தவறாகவும் இருக்கும்.

வலுவிசை எவ்வளவு பலமானது என்று சொல்லும் பிணைப்பெண்ணையும் இதே லைப்ரரியிடம் கேட்டு வாங்குவது நல்லது. தொகுப்பைப் பொருத்தியபோது எந்த மதிப்பை வைத்தார்களோ அதுவே வரும்.

யாருக்கு இது தேவைப்படாது? ஒரே ஒரு எக்ஸில் ஒரு எண் பார்க்க வேண்டும் என்றால், கோப்பைத் திறந்து படித்தாலே போதும். ஜெட், பையான், டபிள்யூ என்று எதையாவது முழுதாகக் கணக்கிட்டு, பட்டையோடு வரைய நினைக்கிற எவருக்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. சமீபத்தில் என்என்பிடிஎஃப்பால் 2.0 வந்தது, முதற்படியிலிருந்து எண்ணினால் மூன்றாம் படி வரை போகிறது. தொகுப்பின் பெயரை ஒரு வரியில் மாற்றினேன், என் நிரல் ஓடியது. ஃபோர்ட்ரான் காலத்தில் அதற்கு ஒரு நாள் போயிருக்கும்.

புதுத் தொகுப்பு எதை ஏற்றினாலும் நான் முதலில் போடும் கணக்கு ஒன்று உண்டு, ஐந்து வரிதான். 510 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டில் டபிள்யூ துகள் பிறக்க வேண்டும். அதன் நிறை 80.4 ஜிகா எலக்ட்ரான் வோல்ட், ஆகவே நடுவில் இரண்டு பக்கமும் எக்ஸ் 0.158. கற்றையின் திசையில் எவ்வளவு முன்னோக்கி ஓடுகிறது என்று சொல்லும் ராப்பிடிட்டியை 1க்கு நகர்த்தினால் ஒரு பக்கம் 0.43, மறுபக்கம் 0.058. டபிள்யூ இடக்கை குவார்க்குகளோடு மட்டுமே பேசும் என்பதால் ஒரு புரோட்டானை மட்டும் முனைவாக்கினாலே போதும், முன்னோக்கிய பக்கத்தில் கூட்டல் மின்னூட்டம் உள்ள டபிள்யூவின் சமச்சீரின்மை டெல்டா அப்பை அப்பால் வகுத்து வரும் எண்ணுக்கு எதிர்க்குறியாக இருக்கும். கழித்தல் மின்னூட்டம் உள்ள டபிள்யூவுக்கு அதே போல டெல்டா டவுன். ஆக முதலாவது பூஜ்ஜியத்துக்குக் கீழே, இரண்டாவது மேலே வர வேண்டும். இரண்டாவது பூஜ்ஜியத்தில் படுத்துக்கிடந்தால் எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று இப்போது உங்களுக்கும் தெரியும்.